பையூக்கரை மனிதர்கள் – 5: பதினைந்து கிலோமீட்டர்

சென்ற வாரம் ஷெனியேர் கமினாடாவை அதன் நல்ல காலத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். வலை நிறைய மீனும் வீடு நிறையப் பிள்ளைகளுமாக இருந்தது ஊர்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். அமெரிக்காவின் லூசியானா மாநிலம். நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு நேர் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், நிலம் மெலிந்து மெலிந்து கடலில் கரைந்துபோகும் இடத்தில் ஒரு மணல்மேடு. முன்னால் மெக்சிகோ வளைகுடா. முதுகுப் பக்கம் உப்பங்கழி, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டியவரை கோரை மண்டிய சதுப்பு. மேற்கே சற்றுத் தள்ளி பையூ லஃபூர்ஷ் கடலில் கலக்கிறது. பையூ என்பது இந்தப் பகுதியின் மந்தமான நீர்வழி; ஓடுகிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நம் தொடரின் நாயகன் இந்த பையூதான்.

1893இல் அந்த மேட்டில் சுமார் 1,500 பேர் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் பிரெஞ்சு பேசியவர்கள். கூடவே ஸ்பானியர், இத்தாலியர், ஏட்ரியாட்டிக் கடலோரத்திலிருந்து வந்த குரோவாசியர். கரைவலை இழுத்தார்கள், சிப்பி வாரினார்கள், இறால் பிடித்தார்கள். பிடித்ததைப் பாய்மரப் படகுகளில் ஏற்றி, உப்பங்கழி வழியாகவும் கால்வாய் வழியாகவும் நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். பக்கத்து பராட்டாரியா விரிகுடாவில் சீனரும் பிலிப்பினோக்களும் மரப்பரண்களைக் கட்டி, அவித்த இறாலைக் காயப்போட்டு, கூட்டமாக அதன்மேல் சுற்றிச் சுற்றி மிதித்து ஓடு நீக்கிக் கருவாடாக்கினார்கள். அந்தப் பரண்களைப் பற்றித் தனியே ஒரு வாரம் எழுத வேண்டும்.

இப்போது அந்த ஊரின் கடைசி இரவுக்குப் போவோம்.

*

முதலில் ஒரு கேள்வி. கடலிலிருந்து சில அடி உயரமே உள்ள மேட்டில், தப்பிக்கச் சாலை இல்லாத இடத்தில், 1,500 பேர் எப்படி நிம்மதியாகத் தூங்கினார்கள்?

புயலைப் பற்றித் தெரியாதவர்கள் அல்லர். 1856 ஆகஸ்ட் 10 அன்று மேற்கே இருந்த கடைசித் தீவு என்ற உல்லாசத் தலத்தைப் புயல் துடைத்துப் போட்டது. அங்கே விடுதியிலும் கோடைவீடுகளிலும் தங்கியிருந்தவர்களில் ஏறத்தாழ 200 பேர் மாண்டார்கள். அந்தக் கதை ஷெனியேரில் எல்லாருக்கும் தெரியும். தாத்தாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஆனால் அது விருந்தாளிகளுக்கு நேர்ந்தது. கடலை வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு. கடலிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் காற்றின் குறி தெரியும், படகு தெரியும், நீரோட்டம் தெரியும். இப்படி ஒரு நினைப்பு அந்த ஊரில் ஊறியிருந்தது என்றுதான் நான் கருதுகிறேன். இல்லாவிட்டால் அடுத்து சொல்லப்போகும் காரியத்தை அவர்கள் செய்திருக்க மாட்டார்கள்.

மரங்களை வெட்டிவிட்டார்கள்.

அந்த மேடு ஒரு காலத்தில் ஓக் மரத் தோப்பு. உப்புக்காற்றில் வளைந்து, வேரால் மணலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெருமரங்கள். ஊர் பெருகப் பெருக, வீட்டுக்கு இடம் வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும், கோடையில் கடற்காற்று உள்ளே வர வேண்டும். 1893 வாக்கில் கடலைப் பார்த்த பக்கம் பெரும்பாலும் வெறும் வெளி. வீடுகள் நெருக்கமாக, வரிசையாக, வளைகுடாவைப் பார்த்தபடி நின்றன.

கிழக்கே, ஒரு சிறிய நீர்வாயிலைத் தாண்டினால் கிராண்ட் ஐல் தீவு. அங்கே வீடுகளைத் தீவின் நடுவில், மரங்களுக்குள் மறைவாகக் கட்டியிருந்தார்கள். தோப்பை அப்படியே விட்டுவைத்தார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

1893 பொல்லாத ஆண்டு. ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை இரவு, அட்லான்டிக் கரையில் ஜார்ஜியாவையும் தென் கரோலைனாவையும் ஒட்டிய தீவுகளின்மேல் ஒரு புயல் ஏறியது. குறைந்தது ஆயிரம் பேர், ஒருவேளை இரண்டாயிரம் பேர் இறந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்த கறுப்பின உழவர்களே அவர்களில் மிகப் பெரும்பாலோர். நாடு அந்தப் பிணங்களைப் புதைத்து முடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

செப்டம்பர் இறுதியில் மேற்குக் கரீபியக் கடலில் இன்னொரு சுழல் உருவானது. அதற்குப் பெயரில்லை. புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது.

அந்தச் சுழலின் நடுவே சிக்கிய கப்பல் ஒன்று இருந்திருந்தாலும், கரைக்குச் செய்தி சொல்ல அதற்கு வழியில்லை. கம்பியில்லாத் தந்தி அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. கப்பல் பிழைத்துத் துறைமுகம் சேர்ந்தால்தான் செய்தியும் கரை சேரும். அரசின் வானிலைத் துறை வைத்திருந்த கருவிகள் எல்லாம் கரையில் இருந்தன. புயல் கரையைத் தொடும்போதுதான் அவை அசையும். ஷெனியேருக்கோ தந்திக் கம்பியே போகவில்லை. நியூ ஆர்லியன்ஸில் யாருக்காவது சந்தேகம் தட்டியிருந்தாலும், அதை ஒரு படகோட்டியிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஆக, அந்த ஊருக்குக் கிடைத்த ஒரே முன்னறிவிப்பு காற்று.

*

அக்டோபர் 1. அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

லூர்து மாதா கோயிலில் காலைப் பூசை. ஞாயிறு என்பதால் படகுகள் பலவும் கரையில். கிழக்கிலிருந்து கொண்டல் வீசிக்கொண்டிருந்தது. அக்டோபரில் கொண்டல் வீசுவது ஒன்றும் புதிதல்ல.

பிற்பகலில் காற்று வலுத்தது. மழை பிடித்துக்கொண்டது. கடல் கரையைத் தாண்டி மெதுவாக ஊருக்குள் வரத் தொடங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். கிளம்ப வேண்டும் என்றால் அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் எங்கே? நடந்து போக நிலம் கிடையாது. சுற்றிலும் தண்ணீரும் சேறும். படகில் போகலாம். வலுத்துவரும் காற்றில், திறந்த பாய்மரப் படகில், பிள்ளைகுட்டிகளோடும் வயதானவர்களோடும் விரிகுடாவைக் கடக்க வேண்டும். எந்த மீனவன் அதற்குத் துணிவான்? புயலில் படகைவிட வீடு பத்திரம் என்பது கடல் தொழிலின் அரிச்சுவடி. அதுவரை அந்த ஊருக்கு வந்த புயல்களில் அந்தப் பாடம் பொய்த்ததும் இல்லை. முழங்கால் அளவு தண்ணீர் வரும், கோழிகள் சாகும், வேலி போகும், விடிந்ததும் சேற்றை வழித்துப் போட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்க்கலாம்.

அவர்கள் தவறாக முடிவெடுத்தார்கள் என்று இன்று சொல்வது சுலபம். அன்று மாலை அவர்கள் கையில் இருந்த தகவலை வைத்துக்கொண்டு வேறு முடிவை யாரும் எடுத்திருக்க முடியாது. தவறு நடந்திருந்தால் அது கோடரி எடுத்த நாட்களில் நடந்தது.

இருட்டியது. தண்ணீர் நிற்கவில்லை.

*

வளைகுடாவின் இந்தப் பகுதியில் கடலடி மிக மெதுவாகச் சரிகிறது. கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழம் குறைவு. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் அடியில் இறங்கித் திரும்பிப் போய்விடும். இங்கே அது போக இடமில்லாமல் மேலே ஏறுகிறது, கரைமேல் குவிகிறது. அலை வந்து அடித்துவிட்டுப் போகும், இது போகாது. கடலின் மட்டமே உயர்ந்து, அந்த உயர்ந்த மட்டத்தின்மேல் அலைகள் வேறு அடிக்கும்.

அன்று இரவு நீர்மட்டம் 16 அடி வரை ஏறியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல்.

தரையிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து பரணுக்கு, பரணிலிருந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே. பிழைத்தவர்கள் சொன்ன கதைகள் எல்லாம் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் போகின்றன. சிறிய வீடுகள் முதலில் போயின. அவற்றிலிருந்து தப்பியவர்கள் பெரிய வீடுகளுக்கு நீந்தியும் கயிறு பிடித்தும் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய வீடு விழுந்தபோது பல குடும்பங்கள் ஒரேயடியாகப் போயின.

பிடுங்கப்பட்ட வீடுகள் அடுத்த வீடுகளை இடித்தன. மரங்கள் இருந்திருந்தால் மிதந்து வந்த உத்தரமும் கூரையும் அவற்றில் சிக்கி நின்றிருக்கும். வெட்டவெளியில் அவை அலையோடு சேர்ந்து ஆயுதங்களாயின.

மாதா கோயிலின் மணி காற்றிலேயே ஆடி ஒலித்துக்கொண்டிருந்ததாம். அந்த மணிக்கு ஊரில் ஒரு கதை உண்டு. பங்குச் சாமியார் ஒருவர் தம் குடும்பத்து வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி அதில் சேர்த்தார் என்பார்கள். கடற்கொள்ளையர் புதைத்துவைத்த வெள்ளியும் அதில் கலந்திருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். வெள்ளிக் கதைக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் மணி இருந்தது உண்மை. கோயில் இடிந்து விழும்வரை அது ஒலித்தது என்பதைப் பிழைத்தவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, நடு இரவில், காற்று நின்றது.

*

புயலின் கண் தலைக்கு மேல் வந்திருந்தது. கடலோடிகளுக்கு அது என்னவென்று தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளைத் தேடிக் குரல் கொடுத்தார்கள். கிடைத்ததில் ஏறிக்கொண்டார்கள்.

காற்று மறுபடி எழுந்தபோது எதிர்த்திசையிலிருந்து வந்தது.

மாலையிலிருந்து ஒரு பக்கமாக அழுத்தப்பட்டுச் சாய்ந்திருந்த வீடுகளை இப்போது மறுபக்கம் தள்ளியது. முதுகுப் பக்கத்து உப்பங்கழிக்குள் அதுவரை குவித்துவைத்திருந்த நீரும் புரண்டது. முதல் பாதி இரவைத் தாங்கிய வீடுகளில் பல இந்த இரண்டாம் பாதியில்தான் முறிந்தன.

*

திங்கட்கிழமை விடிந்தது.

ஷெனியேர் கமினாடாவில் மட்டும் இறந்தவர்கள் 779 பேர். ஊரில் பாதிக்கு மேல். நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். புயல் அங்கே முடியவில்லை. வடகிழக்கே மிசிசிப்பி மாநிலக் கரை வழியாக உள்நாட்டுக்குள் போனது. மொத்தச் சாவு ஏறத்தாழ 2,000 என்று கணக்கு.

நீர்வாயிலுக்கு அந்தப் பக்கம் கிராண்ட் ஐல். அதே புயல், அதே இரவு, அதே நீர். முந்தைய ஆண்டுதான் திறந்திருந்த பெரிய கடற்கரை விடுதி அங்கே சிதறிப்போனது. ஆனால் உயிரிழப்பு ஷெனியேரோடு ஒப்பிடக்கூடிய அளவில் இல்லை. கோடை விருந்தாளிகள் கிளம்பிப் போயிருந்தது ஒரு காரணம். மரங்களுக்குள் ஒளிந்திருந்த வீடுகள் இன்னொன்று. இரண்டாவது காரணமே பெரிது என்பது என் எண்ணம்; ஏனெனில் தீவின் சொந்தக் குடிகள் அன்று இரவு அங்கேதான் இருந்தார்கள்.

ஊரில் சவப்பெட்டி செய்யப் பலகை இல்லை, பலகை இருந்தாலும் தச்சன் இல்லை. கிடந்த இடத்திலேயே குழி தோண்டினார்கள். ஒரே குழியில் பலர். சதுப்புக்குள் அடித்துச் செல்லப்பட்டவர்கள் வெகுநாள் கழித்தும் கிடைத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் சொல்ல ஆளில்லாமல் போன குடும்பங்களும் உண்டு.

நியூ ஆர்லியன்ஸுக்குச் செய்தி போனது அதே பழைய வழியில்தான்: உடையாமல் தப்பிய படகில். நகரத்தில் நிவாரணக் குழு கூடியது, பணம் திரண்டது, நீராவிக் கப்பல்கள் உணவும் துணியும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தன. திரும்பும்போது அவற்றில் மனிதர்கள் இருந்தார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1899இல், கேட் ஷோப்பன் எழுதிய 'தி அவேக்கனிங்' நாவல் வந்தது. அதில் ஒரு ஞாயிறு காலை, நாயகி கிராண்ட் ஐலிலிருந்து படகேறி ஷெனியேர் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறாள். அங்கே ஒரு வீட்டில் படுத்து அயர்ந்து தூங்குகிறாள். அமைதியான அத்தியாயம். அந்த வட்டாரத்து வாசகர்கள் அதை எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கோயிலும் இல்லை, வீடும் இல்லை, படகுத்துறையும் இல்லை.

*

நம் தொடருக்குப் புயலைவிட முக்கியமான திருப்பம் இனிமேல்தான்.

பிழைத்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்கள் முன்னால் இருந்த கேள்வி எளிமையானது: மறுபடி இங்கேயே கட்டுவதா?

பெரும்பாலோர் இல்லை என்றார்கள். அதன் பிறகு ஷெனியேர் கமினாடா பழைய ஊராக எழவே இல்லை. இன்று நெடுஞ்சாலையோரம் ஒரு கல்லறைத் தோட்டமும் அறிவிப்புப் பலகையும் நிற்கின்றன.

ஒரு கூட்டம் வெகுதூரம் போனது. நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரே, மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில் வெஸ்ட்வீகோ. அங்கே பாப்லோ சாலா என்பவர் தம் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். அகதிகள் வாங்கினார்கள். சாலாவில் என்ற பெயர் அந்தப் பகுதிக்கு ஒட்டிக்கொண்டது. கால்வாய் அங்கிருந்து உப்பங்கழிக்குப் போனதால் மீன்பிடித் தொழிலையும் முற்றாகக் கைவிட வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கூட்டம் பையூ லஃபூர்ஷில் ஏறியது. படகில் மேல்நோக்கி வந்து, ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்த ஒரு கரையில் இறங்கியது. அந்த இடத்துக்கு ஆரஞ்சு சிட்டி என்றே ஒரு பெயர் இருந்தது. பின்னாளில் அது லீவில் ஆயிற்று.

ஷெனியேரிலிருந்து லீவில் எவ்வளவு தூரம்? நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டர் அல்லது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

பெற்றவர்களையும் பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர்கள், வெறும் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றது ஏன்?

*

அவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதற்கு முன், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மீனவனுக்குத் தொழிலிடம் கடல். வீட்டிலிருந்து மீன்பாட்டுக்குப் போய் வர ஆகும் நேரம்தான் அவன் கூலி. பாய் விரித்துப் போகும் காலம் அது. படகுக்கு மோட்டார் வரவில்லை, பனிக்கட்டி எளிதில் கிடைக்காது. இன்னும் இருபது மைல் உள்ளே போனால் உயிர் பத்திரம், தொழில் போய்விடும். நிலம் வாங்கிக் கரும்பு பயிரிடலாம்தான். அதற்குப் பணம் வேண்டும். மேட்டு நிலமெல்லாம் பெரிய தோட்டக்காரர்கள் கையில் இருந்தது.

லீவிலில் வேறு வசதிகளும் இருந்தன. இங்கே நிலத்தின் அமைப்பு நமக்குப் பழக்கமானதற்குத் தலைகீழ். ஆற்றோரம்தான் உயரம், விலகிப் போகப் போகப் பள்ளம். வெள்ளம் கரைபுரளும்போது கனமான வண்டலை ஓரத்திலேயே போட்டுவிட்டு, மெல்லிய சேற்றை மட்டும் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. இப்படி நூற்றாண்டு நூற்றாண்டாகப் படிந்து, பையூவின் இருமருங்கிலும் ஒரு மேடு. அதன்மேல்தான் வீடு, தோட்டம், கோயில், கடை எல்லாம். ஊர்கள் அகலமின்றி நீளமாக வளர்ந்தன. பையூ லஃபூர்ஷை உலகின் மிக நீளமான கிராமத்துத் தெரு என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார்கள்.

மேட்டில் வீடு. வாசலில் படகு. கடலுக்கு ஒரு காலைப் பயணம். நடுவில் கடலைத் தடுக்க பதினைந்து கிலோமீட்டர் கோரைச் சதுப்பு. பஞ்சுபோல அலையை உறிஞ்சிக்கொள்ளும் சதுப்பு.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வீடுகள் எழுந்தன, கல்யாணங்கள் நடந்தன. ஷெனியேரில் மனைவியை இழந்தவனும் கணவனை இழந்தவளும் சேர்ந்து புதுக் குடும்பங்கள் கட்டினார்கள். ஆரஞ்சு காய்த்தது. வலை காய்ந்தது. புதிய நூற்றாண்டு பிறந்தது.

*

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி, அவர்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில், மாறிக்கொண்டிருந்தது.

பையூ லஃபூர்ஷின் நீளம் சுமார் 170 கிலோமீட்டர். அதன் தலை, டொனால்ட்சன்வில் என்ற ஊரில், மிசிசிப்பி ஆற்றிலிருந்து பிரிகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை மிசிசிப்பியின் முதன்மைப் பாதைகளில் ஒன்று இதுதான். பிறகு பேராறு வேறு பக்கம் திரும்ப, இது கிளையாகச் சுருங்கியது. சுருங்கினாலும் ஒவ்வொரு வெள்ளத்திலும் பேராற்றின் வண்டலைக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது. இந்தச் சதுப்பு முழுவதும் சேறு. சேறு தன் பாரத்தாலேயே ஆண்டுதோறும் அமுங்கும். புதுச் சேறு வந்து படிந்தால்தான் மட்டம் நிற்கும். லீவிலையும் கடலையும் பிரித்த அந்தக் கோரைக்காடு உயிரோடு இருந்தது இந்த வரவினால்தான்.

மேல்கரையில் இருந்த கரும்புத் தோட்டக்காரர்களுக்கோ அதே வெள்ளம் பகை. கரை உடைந்தால் பயிர் போகும், ஆலை போகும். பையூவின் வாயை அடைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது. 1903–04இல் டொனால்ட்சன்வில்லில் அணை எழுந்தது. தற்காலிகம்தான், பிறகு படகு போக மதகு வைத்துத் தருகிறோம் என்றார்கள்.

மதகு வரவே இல்லை.

வெகுதூரம் கீழே, லீவிலில், அன்று எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் கொஞ்சம் குறைந்தது, கொஞ்சம் உப்புக் கரித்தது, அவ்வளவுதான். ஷெனியேரிலிருந்து தூக்கிவரப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து, சொந்தப் படகோட்டிகளாகியிருந்தார்கள்.

1909 செப்டம்பரில் கொண்டல் மறுபடியும் வலுத்தது. இந்த முறை அவர்களுக்குப் புயலின் குறி தெரியும், கண் தெரியும், எதிர்க்காற்று தெரியும். நின்று பார்ப்பதா, பையூவில் இன்னும் மேலே ஏறுவதா? பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவர்களின் பெற்றோருக்கு இல்லாத ஒரு வழி, வாசலிலேயே கிடந்த பையூவாக, இப்போது இருந்தது.

எத்தனை பேர் அதில் ஏறினார்கள்?

(அடுத்த வாரம்)